பின் ஆக்சில் சத்தம்: கிரவுனில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது என்று வண்டியைப் பட்டறையில் விட்டால், பெங்களூரில் பல இடங்களில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு வந்துவிடும்: "கிரவுன் போச்சுண்ணா, செட்டு மாத்தணும்." சில நேரம் அது உண்மைதான். ஆனால் என்னிடம் அந்தத் தீர்ப்போடு வந்து சேரும் வண்டிகளில் நிறைய, டயரிலோ ஆயிலிலோ கிராஸிலோ (ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு) வீல் பேரிங்கிலோ முடிந்துவிடுகின்றன. கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி, இந்த வரிசையில் கடைசிச் செலவு. ஒரு முறை கழற்றினால் பழைய அளவில் திரும்ப உட்காரவைக்க நல்ல கை வேண்டும். அதனால் கடைசியில்தான் அதைத் தொட வேண்டும்.

சத்தத்தை வைத்துத் தேடும் வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியின் சத்தம் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

இது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா?

பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உருண்டையாக ஒரு இரும்பு ஹவுசிங்கும், முன்னாலிருந்து அதற்கு வந்து சேரும் நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் இருந்தால் எல்லாமே பொருந்தும். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ, பிக்கப், ஆம்னி, ஈகோ, குவாலிஸ், பழைய இன்னோவா, கிரிஸ்டா எல்லாம் இந்த வகை.

டிசையர், எட்டியோஸ் மாதிரி முன் சக்கர இழுவை வண்டிகளில் பின்னால் கிரவுனே கிடையாது. 2022-இல் வந்த இன்னோவா ஹைக்ராஸும் அப்படித்தான்; பெயர் இன்னோவா என்பதால் பின்னால் ஹவுசிங் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த வண்டிகளுக்கு டயர், வீல் பேரிங், பிரேக், புஷ் பற்றிய பகுதிகள் போதும். டிசையருக்குப் பின் கிரவுன் ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சத்தத்தைப் பிடிக்க ஒரு ஓட்டம்

காலை 6 மணிக்கு முன் போங்கள். அதற்குப் பிறகு சில்க் போர்டு பக்கம் 20 கி.மீ. வேகம் எடுப்பதே பெரிய விஷயம், பக்கத்து வண்டிச் சத்தத்தில் உங்கள் சத்தம் காதில் விழாது. சமமான, காலியான சாலை வேண்டும். கண்ணாடியை இறக்கி, ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஸ்பேனர்களை வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போனால் ஒரு சந்தேகம் குறையும்.

50, 60 கி.மீ. வேகத்தில் நாலு நிலையில் கேளுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி வேகம் கூட்டும்போது. ஒரே வேகத்தில் காலை லேசாக வைத்திருக்கும்போது. கியரில் இருக்கும்போதே காலை முழுதாக எடுத்துவிட்டபோது. கடைசியாக, சமதரையில் மட்டும், சில விநாடி நியூட்ரலில் உருளவிட்டு. இஞ்சினை அணைக்கக் கூடாது. பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கங்களில் நியூட்ரல் பரிசோதனை கூடவே கூடாது.

நியூட்ரலிலும் சத்தம் அப்படியே இருந்தால் இஞ்சின், கிளட்ச் பக்கம் போக வேண்டாம். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இஞ்சினை அதே ஆர்.பி.எம்.முக்கு முறுக்கி, அங்கேயும் அதே சத்தம் வந்தால் ஆக்சிலை விட்டுவிடுங்கள்.

லோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேட்க ஆளை ஏற்ற முடியாது. போனில் ஒலிப்பதிவைப் போட்டு, துணியில் சுற்றி, பெட்டியின் இடது மூலையில் கட்டி ஒரு ஓட்டம், வலது மூலையில் கட்டி அதே சாலையில் அதே வேகத்தில் இன்னொரு ஓட்டம். வீட்டுக்கு வந்து இரண்டையும் இயர்போனில் கேட்டால், ஓட்டும்போது பிடிபடாத வித்தியாசம் பல நேரம் தெரிந்துவிடும்.

சத்தம் சாலைக்குச் சாலை மாறுகிறது

ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி, ஆனால் தார் ரோட்டில் ஒரு குரல், வேறு ரோட்டில் ஒரு குரல் என்றால் அது டயர். பெங்களூரில் இதைச் சோதிப்பது சுலபம். தாரில் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒயிட் டாப்பிங் போட்ட கான்கிரீட் துண்டு வந்துவிடும். ஏறும் நொடியில் சத்தத்தின் சுருதி மாறினால் கிரவுனைச் சந்தேகிக்க வேண்டாம். கிரவுனுக்கு அடியில் தாரா கான்கிரீட்டா என்று தெரியாது. ஒரு எச்சரிக்கை: கான்கிரீட்டில் போட்டிருக்கும் குறுக்குக் கோடுகளால் நல்ல டயரும் கொஞ்சம் ஊளையிடும். கான்கிரீட்டில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து கையால் தடவுங்கள். டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை ஒரு பக்கமாக இழுத்து, பிறகு எதிர்ப்பக்கமாக இழுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் பல் தட்டுவது போலவும் இருந்தால் டயர் ரம்பமாகத் தேய்ந்திருக்கிறது. கண்ணுக்கு அது புது டயர் மாதிரியே தெரியும். ஒசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டிகளில் இன்னொன்றும் பார்க்கிறேன். பின்னால் பட்டன் டயரோ ரீட்ரெட் டயரோ போட்ட அடுத்த வாரமே "ஆக்சில் கத்துது மேஸ்திரி" என்று வருவார்கள். டயர் மாற்றியது எப்போது, சத்தம் ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் பதில் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

உறுதி செய்ய, அளவு ஒன்றாக இருந்தால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் வேலை முடிந்தது. கழற்றிய நட்டுகளை 50 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். பஞ்சர் கடைக்குப் போய்வந்த மறுநாள் கடக் கடக் என்று கேட்டால் வேறெதையும் தேடாமல் முதலில் நட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உறுமல் வளைவில் கூடுகிறது அல்லது குறைகிறது

வீல் பேரிங். அடித்தொண்டையில் உறுமுவது மாதிரி சத்தம். வேகம் கூடக் கூடக் கூடும், ஆக்சிலேட்டரை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அகலமான காலிச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் ஒடியுங்கள். இடது பக்கம் ஒடிக்கும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலது பேரிங் மேல். வலது ஒடிப்பில் கூடினால் இடது.

பிறகு வீட்டு வாசலில் சோதிக்கலாம். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பியோ ஹாலோ பிளாக் கல்லை நம்பியோ கையை உள்ளே விட வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கே சொல்லிவிட்டது.

ஆட்டம் இல்லையென்றால் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, இன்னொரு கையின் உள்ளங்கையை ஸ்பிரிங் பட்டையின் மேல், ஆக்சிலை ஒட்டி வையுங்கள். நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றும் வராது. வாய் போன பேரிங் என்றால், காதுக்குக் கேட்காத அளவிலேயே, மணல் அரைபடும் நறநறப்பு பட்டை வழியாகக் கையில் ஏறும். மறுபக்கச் சக்கரத்தையும் இதே மாதிரி பார்த்து ஒப்பிடுங்கள்; ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் எல்லாமே நறநறப்பாகத்தான் தோன்றும்.

டயரின் உள்பக்கமும் பிரேக் பின்தட்டும் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கிரவுன் ஆயில். சீல் போய் வெளியே வருகிறது. தண்ணியாக இருந்து, பட்ட இடத்தில் பெயின்ட்டைக் கிளப்பியிருந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் வேலை. எதுவானாலும் லைனிங் நனைந்திருந்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. அந்த வண்டியில் லோடு ஏற்றாதீர்கள்.

சீல் மட்டும் மாற்றிவிட்டு மூன்று மாதத்தில் திரும்ப ஒழுகுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கும். பேரிங்கில் ஆட்டம் இருக்கும்போது புது சீலும் நிற்காது. ஹவுசிங் மேல் இருக்கும் பிரீத்தர், அந்தச் சின்னத் தொப்பி, சேற்றால் அடைபட்டிருந்தாலும் உள்ளே சூடேறிய காற்றுக்குப் போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். பிரீத்தரைக் கழற்றி டீசலில் அலசி வாயால் ஊதிப்பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். செலவே இல்லாத வேலை என்பதால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

பேரிங் மாற்றுவது மேஸ்திரி வேலை. சின்ன வண்டிகளிலும் ஜீப் வகையிலும் பேரிங்கும் அதைப் பிடித்து நிறுத்தும் காலரும் ஆக்சில் ஷாஃப்ட் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். பிரஸ் இல்லாமல் சரியாக இறங்காது, ஏறாது. அந்தக் காலர் நழுவினால் ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். பழைய காலரையே திரும்பப் போடுவதையும், அதற்கு வெல்டிங் பொட்டு வைப்பதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹப்பின் நடுவில் வட்டமாகப் போல்ட் போட்டிருக்கும் பெரிய லோடு வண்டிகளில் கதை வேறு. அங்கே ஷாஃப்டை உருவிவிட்டு உள்ளே இருக்கும் பேரிங் நட்டைச் சரிசெய்தாலே சில நேரம் போதும்.

இழுவையில் ஊளை, அல்லது காலை எடுத்தால் ஊளை

இங்கேதான் கிரவுன் வரும். அதற்குள்ளும் படிப்படியாகத்தான் போக வேண்டும்.

முதல் படி ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஓடிவந்த சூடு கொஞ்சம் ஆறியதும், ஹவுசிங்கின் பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் போல்ட்டைத் திறங்கள். கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டை முதலில் திறக்கக் கூடாது. ஆயிலை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும். சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டுக் கீழ்ப்பக்கமாக மடக்குங்கள். ஓட்டையின் வாய் வரை ஆயில் இருக்க வேண்டும். விரலுக்கு எட்டவில்லை என்றால் சத்தத்துக்கான காரணம் கிடைத்துவிட்டது; அந்த ஆயில் எங்கே போனது என்பது மட்டும் பாக்கி.

விரலில் வந்த ஆயிலை வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பது பிரச்சினை இல்லை. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் அண்டர்பாஸில் தேங்கிய தண்ணீரில் சூடான ஆக்சில் முங்கும்போது, உள்ளே காற்று சட்டென்று சுருங்கி பிரீத்தர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கியவர்கள் அந்த வாரமே இதைப் பார்த்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

டிரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள். நைசான சாம்பல் நிறப் பசையாக வழுக்கினால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தினாலோ, செதில் செதிலாகப் பளபளத்தாலோ, பல்லின் முனை மாதிரி ஒரு துண்டு வந்தாலோ புது ஆயில் ஊற்றி ஓட்டிப்பார்க்கும் பேச்சே வேண்டாம். நேரே கழற்ற வேண்டியதுதான்.

ஊற்றும் ஆயில் ஜிஎல்-5 தரமாக இருக்கட்டும். 80டபிள்யூ-90, அதிக லோடு ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொல்லியிருந்தால் 85டபிள்யூ-140. கியர்பாக்ஸுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஜிஎல்-4 ஆயிலைக் கிரவுனில் ஊற்ற வேண்டாம். கிரவுன் பல்லும் பினியன் பல்லும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே உருள்பவை, அந்த அழுத்தத்தை ஜிஎல்-4 தாங்காது. சத்தத்தை அடக்க ஆயிலோடு கிரீஸைக் கலப்பதும், மரத்தூளைப் போடுவதும் பழைய வண்டி விற்பவர்களின் வித்தை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியின் பின் ஆக்சில் வாங்கிய அன்று அமைதியாக இருந்து, சில வாரத்தில் கத்த ஆரம்பித்தால் முதலில் ஆயிலை இறக்கி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது படி பினியன். வண்டிக்கு அடியில் போய், பினியன் ஃபிளேஞ்சை, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஹவுசிங்கில் வந்து சேரும் இடத்தை, இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுழலும் திசையில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம். மேல் கீழாகவோ முன் பின்னாகவோ ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போயிருக்கிறது அல்லது பினியன் நட் தளர்ந்திருக்கிறது. காலை எடுக்கும்போது மட்டும் ஊளை வரும் வண்டிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த நட்டை நீளமான பைப் போட்டு "ஒரு சுத்து" இறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதைவிட மோசமான வைத்தியம் இல்லை. பல வண்டிகளில் உள்ளே நசுங்கி அளவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஸ்லீவ் இருக்கும். ஒரு முறை அளவுக்கு மேல் நசுங்கினால் திரும்பத் தளராது. பேரிங் இறுகிச் சூடேறிக் கருகும். முதல் நாள் சத்தம் நிற்கும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் ஹவுசிங்கில் கை வைக்க முடியாது. சரியான முறை, புது ஸ்லீவ் போட்டு, பினியன் சுழல எவ்வளவு இழுவை வேண்டும் என்று அளந்துகொண்டே இறுக்குவது.

மூன்றாவது படிதான் கிரவுன் பினியன் பல். இழுவையில் மட்டும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஊளை ஏறி அந்த வேகம் தாண்டினால் அடங்குகிறது என்றால் பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கும். இழுவை, விடுதல் இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் பல்லைவிட பேரிங் மேல் சந்தேகம் அதிகம்.

ஊளையாக இல்லாமல் டக் டக் என்று எண்ணும்படி வந்தால் இன்னும் துல்லியமாகப் பிடிக்கலாம். கிரவுன் விகிதம் 4.1 என்று வையுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பினியன் நாலுக்குச் சற்று மேல் சுற்றும். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நடக்கும் வேகத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கூடவே நடக்கட்டும். சுற்றுக்கு ஒரு டக் என்றால் கிரவுனிலோ சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றிலோ அடி. சுற்றுக்கு நாலு டக் என்றால் பினியன் பல்லோ ஷாஃப்டோ.

சத்தம் வந்தாலே மாற்ற வேண்டும் என்றும் இல்லை. ஆயில் சுத்தம், பினியனில் ஆட்டம் இல்லை, காந்தத்தில் பசை மட்டும், ஊளை லேசாக ஒரே அளவில் வருஷக்கணக்காக இருக்கிறது என்றால் நான் கழற்றச் சொல்ல மாட்டேன். பாடிக்கொண்டே நெடுநாள் ஓடும் கிரவுன்கள் உண்டு. மாதாமாதம் கூடுகிறது என்றால்தான் கை வைக்க வேண்டும்.

"டொக்" என்று ஒரே ஒரு அடி

முதல் கியர் போட்டு கிளட்ச் விடும்போது, ரிவர்ஸுக்கு மாறும்போது, அல்லது ஆக்சிலேட்டரை விட்டு அழுத்தும்போது ஒரு டொக். முதலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டை ஒரு கையாலும் ஃபிளேஞ்சை இன்னொரு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். நடுவில் கிராஸ் அசைந்தால் போய்விட்டது. கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டு தேய்கிறது. மெதுவாகப் போகும்போது கிச் கிச் என்று குருவி கத்துவதும் அதுதான். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நாலு கப் வழியாகவும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் சத்தம்.

ஷாஃப்டைக் கழற்றும்போது இரண்டு ஃபிளேஞ்சிலும் ஸ்லிப் ஜாயின்ட்டிலும் பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் டொக் போய் அதிர்வு வந்துவிடும்.

கிராஸ் நன்றாக இருந்தால் பட்டைக் கட்டு. ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆக்சில் முன்னும் பின்னும் அசையும். சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்சிலே இடம் மாறிவிடும். இரண்டு பக்கமும் பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். இன்னோவா மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டியில் பட்டைக்குப் பதில் லிங்க் கம்பிகளின் புஷ்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சைப் பாதி விட்டு எடுக்க, நீங்கள் பக்கவாட்டில், சக்கரத்தின் வழியில் நிற்காமல், எந்தப் புஷ் குதிக்கிறது என்று பாருங்கள்.

ஹம்பில் ஏறி இறங்கும்போது மட்டும் டொக் என்றால் ஆக்சிலுக்கு உள்ளே தேட வேண்டியதில்லை. ஷாக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், சைலன்சர் மாட்டும் ரப்பர். நம் ஊர் ஹம்புகளுக்கு இவை தேயத்தான் செய்யும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் டொக் போகவில்லை என்றால் டிஃப்ரன்ஷியலுக்குள், அதாவது திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரக் கூட்டுக்குள், ஆட்டம் கூடியிருக்கிறது. அது கழற்றிப் பார்க்கும் வேலை.

திரும்பும்போது மட்டும் கரகர

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் முழு ஒடிப்பில் திரும்பும்போதும் யூ டர்னிலும் மட்டும் கரகர, நேராக ஓடினால் அமைதி. டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களும் அவற்றின் வாஷர்களும்தான் அப்போது மட்டும் வேலை செய்கின்றன. டயர் எங்கும் உரசவில்லை என்று முதலில் பார்த்துவிட்டு, காலி மைதானத்தில் எட்டுப் போட்டு உறுதி செய்யுங்கள். உள்ளே லாக்கிங் வசதி உள்ள வண்டி என்றால் அதற்கென்று சொன்ன ஆயில் ஊற்றாததாலும் இப்படி வரும். ஆயிலை மாற்றிப் பாருங்கள். மற்ற வண்டிகளில் இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டி நீண்ட நேரம் தனியாகச் சுழன்ற வண்டிகளுக்கு இது வருவது அதிகம்.

சர் சர், கீச், பிரேக் அடிக்கும்போது மட்டும்

ஆக்சில் இல்லை, டிரம். ஓடும்போது ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் மட்டும் லேசாக இழுத்து, சத்தம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் ஷூ, லைனிங், இடையில் மாட்டிய கல், இறுகிய ஹேண்ட்பிரேக் கேபிள். டிரம் கழல அடம்பிடித்தால் சுத்தியலால் அடித்து விளிம்பை உடைக்காதீர்கள். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும். பொருந்தும் போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி முறுக்கினால் தானே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

எப்போது ஓட்டுவதை நிறுத்த வேண்டும்

காந்தத்தில் துண்டு, ஹப்பில் கை வைக்க முடியாத சூடு, சக்கரம் சாய்ந்து தெரிவது, இடம் மாறிய ஆக்சில், ஓடும்போது பின்னால் ஒரு நொடி பிடித்து விட்டது போல இழுப்பது. இதில் ஒன்று இருந்தாலும் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று கிளம்ப வேண்டாம். இழுத்துப்போகும்போதும் பின் சக்கரம் தரையில் உருளக் கூடாது. முழு வண்டியும் ஏறும் லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். முன்னால் தூக்கி இழுத்தால், உடைந்ததை இன்னும் அரைத்துக்கொண்டே போவதுதான் நடக்கும்.

கிரவுன் வேலை கொடுக்கும்போது

எந்தப் பட்டறை என்று தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: "பேக்லாஷ் எவ்வளவு வைப்பீங்கண்ணா?" பேக்லாஷ் என்பது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளி. டயல் கேஜை எடுத்துக் காட்டி, உங்கள் வண்டியின் அளவைச் சொல்பவரிடம் கொடுங்கள். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 0.13 முதல் 0.20 மி.மீ.க்குள் வரும். "கையாலயே தெரியும்" என்று சொல்பவர் கிளட்ச் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம், கிரவுனுக்கு வேண்டாம். ஹவுசிங்கைத் திறக்கும்போது கூட இருங்கள். மூடுவதற்கு முன் பல்லில் ரெட் லெட் என்ற சிவப்புப் பூச்சைத் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுவதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஜோடி எண் இரண்டிலும் பொறித்திருக்கும். ஜே.சி. ரோட்டில் புது செட் வாங்கினாலும் பெட்டியைத் திறந்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பேரிங்குகளைப் பழையதன் மேல் இருக்கும் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள், வண்டிப் பெயரைச் சொல்லி அல்ல. சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பார்ட்ஸ் சந்தை) முழு அசெம்பிளி கிடைத்தால் அது மோசமான யோசனை இல்லை, யாரும் கைவைக்காத செட்டிங்கோடு வந்தால் புதிதாகச் செட் செய்ததைவிட அமைதியாகவே ஓடும். ஆனால் பல்லை எண்ணாமல் வாங்காதீர்கள். கிரவுனில் 41 பல்லுக்குப் பினியனில் 10-உம், 43-க்கு 11-உம் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். விகிதம் மாறினால் இழுவையும் மைலேஜும் மாறும், நாலு சக்கர இழுவை வண்டியில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும்.

புது செட் போட்ட முதல் நாள் 15, 20 கி.மீ. ஓட்டி, ஹவுசிங் முழுக்க ஆறும் வரை நிறுத்துங்கள். இப்படிச் சில முறை. முதல் 500 கி.மீ. லோடு வேண்டாம், மிதித்து ஓட்ட வேண்டாம். 1,000 கி.மீ.க்குள் ஆயிலை வெள்ளைத் தட்டில் இறக்கிப் பாருங்கள். கொஞ்சம் சாம்பல் பசை வரும், அது புதுப் பல் படிந்ததன் கழிவு. செதில் வந்தால் அந்தத் தட்டோடு மேஸ்திரியிடம் போங்கள்.